கல்லும் கள்ளியும் ஒரு கறிவேப்பிலை மரமும்

புது வீடு வாங்கியவர்களிடம் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது டைல்ஸ் போடப் போகிறீர்கள்?" என்பதுதான். சுங்கை வே வட்டாரத்து வரிசை வீடுகளில் மண் என்று மிஞ்சுவது பின்பக்கத்தில் ஒரு துண்டு. அதையும் மூடிவிட்டால் சமையற்கட்டை நீட்டலாம், துணி காயப்போடலாம், குப்பை சேராது. எல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

எங்கள் வீட்டில் மாமா சிமெண்டு கட்சி. அம்மா முருங்கை கட்சி. எனக்கும் என் கணவருக்கும் வேலை நேரம் ஒழுங்கில்லாதது. தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. 2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் குழாய் வறண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வாளியில் பிடித்து வைத்த தண்ணீரைச் செடிக்கா ஊற்ற முடியும்? அதனால் கூழாங்கல், கள்ளி, கற்றாழை, பாலைவன ரோஜா என்று முடிவு செய்து சுங்கை பூலோ நர்சரிகளுக்குப் போனோம்.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் ஊரில் பாலைவனமா என்று சிரிக்கலாம். இங்கே கள்ளி வெயிலில் சாவதில்லை, ஈரத்தில் அழுகித்தான் சாகும். ஆகவே மேடு கட்டி, அடியில் செங்கல் துண்டும் பருமணலும் போட்டோம். கள்ளிகள் கூரை ஓரத்தில், மழை படாத இடத்தில் நிற்கின்றன. பெருமழையில் கல்லின் இடுக்கு வழியே தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. டைல்ஸ் என்றால் அவ்வளவும் நேரே கால்வாய்க்குத்தான் ஓடும்.

"முள்ளுச் செடி வீட்டுக்கு ஆகாது" என்றார் அம்மா. திருஷ்டிக்கு வாசலில் கற்றாழை கட்டியவரும் அவர்தான்!

உண்மையான வாக்குவாதம் மூலையில் நின்ற கறிவேப்பிலை மரத்தைப் பற்றித்தான். முன்பிருந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. வேர் சுவரைத் தள்ளும், வெட்டிவிடலாம் என்றார் வேலைக்கு வந்தவர். கிளையை மட்டும் கழித்துவிடச் சொன்னோம். இன்று பறவைகள் வருவது பெரும்பாலும் அந்த மரத்துக்குத்தான். அதன் கருநிறப் பழத்துக்குக் கொண்டைக்குருவிகள் சண்டை போடுகின்றன. மெர்போக் புறாக்கள் கல்லுக்கிடையில் விதை பொறுக்குகின்றன. ஒலிபரப்புக்காக இருட்டிலேயே எழும் எனக்கு, முராய் என்னும் கருப்பு வெள்ளைக் குருவியின் பாட்டுதான் இப்போது முதல் அறிவிப்பு.

காகமும் வரும். அது இந்த ஊர்ப் பறவை அல்ல. 1890களில் கிள்ளான் காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்த் தொழிற்சாலை வந்தது. காகம் மட்டும் போகவில்லை. அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் இங்கே பெருகிவிட்டது. தோட்டத்துக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களின் கதை நமக்கென்ன புதிதா?

பறவைகளுக்கு ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறோம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே சட்டியைத் தினமும் கவிழ்த்து, தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பழைய தண்ணீர் கறிவேப்பிலை வேருக்கு. இந்த வேலையை அம்மா கேட்காமலேயே எடுத்துக்கொண்டார். எந்தக் குருவி எத்தனை மணிக்கு வந்தது என்று அவரிடம்தான் விசாரிக்க வேண்டும்.

நீங்களும் புது வீட்டுக்குப் போகிறவர் என்றால், டைல்ஸ்காரரை ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். அந்த ஏழு நாளும் காலை ஏழு மணிக்குப் பின்கதவைத் திறந்துவைத்து, யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். எதை மூடுவது, எதை விடுவது என்று அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.