திண்ணைக்கு வந்த செபமாலை

ஆட்டையாம்பட்டி என்றதும் கைமுறுக்கை நினைக்காத சேலத்துக்காரர் அரிது. அரிசி மாவை விரல்நுனியில் திரித்துச் சுற்றும் அவ்வேலையை, பெண்கள் நெருங்கியமர்ந்து பேசிக்கொண்டே செய்வார்கள். எங்கள் முதியோர் செபக்கூட்டமும் அப்படித்தான். வியாழன்தோறும் ஒரு வீட்டின் உள்ளறையில் பன்னிரண்டு பேர், ஒருவர் மூச்சு மற்றவர்மேல் படும் நெருக்கத்தில். பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீடுகளில், அந்த ஒரு மணி நேரமே அவர்களுக்கு மிஞ்சிய உறவு.

2020 மார்ச் 25-இல் நாடு முடங்கியபோது அவர்கள் பணிந்தார்கள். ஆலயம் மீண்டும் திறந்து, 2021 தவக்காலம் வந்ததும் கூட்டத்தைத் தொடங்கக் கேட்டார்கள். இசைந்தேன். மார்ச் 1 முதல் அறுபது வயது கடந்தோருக்குத் தடுப்பூசி தொடங்கியிருந்தது. போட்டுக்கொண்டீர்களா என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன்.

"எழுபத்தெட்டு ஆச்சுங்க சாமி. மாதா இருக்கறப்ப எனக்கு என்னங்க ஆயிடப் போவுது?"

அவ்விடையில் நெகிழ்ந்துபோனேன். அடுத்த ஞாயிறு மறையுரையில் அதையே விசுவாசத்திற்கு எடுத்துக்காட்டாக்கினேன். தடுப்பூசியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது மருத்துவர் பாடு என்பது என் எண்ணம். ஏப்ரல் 17-இல் நடிகர் விவேக் காலமானார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அவர் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். மரணத்திற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக்குழு பின்னர் தெரிவித்தது. ஆனால் அதற்குள் அச்சம் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

ஏப்ரல் 22, வியாழன். கொசுவுக்காகச் சன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். ஒருவருக்கு இலேசான இருமல், காய்ச்சல் இல்லை. முதியோருக்குக் காய்ச்சலே இல்லாமல் இந்நோய் வரக்கூடும் என்பதும், மூச்சுத்திணறல் தெரியாமலே இரத்தத்தில் ஆக்சிஜன் குறையக்கூடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான்கு நாளில் அரசு வழிபாட்டிடங்களை மூடியது. எங்களுக்கு அது தாமதமாகிவிட்டது. பத்து நாளில் ஐவர் படுத்தார்கள், இருவர் மீளவில்லை. அந்தப் பாட்டி அவர்களுள் ஒருவர். நோயில்பூசுதல் அளிக்க இயலவில்லை. செல்பேசியை அவர் காதருகே பிடிக்கச் சொல்லிச் செபித்தேன். கல்லறைத் தோட்டத்தில் நானும் கவச உடையணிந்த நால்வருமே நின்றோம். தமிழ்நாட்டில் இந்நோய்க்கு 38,000-க்கு மேற்பட்டோர் இறந்ததாக அரசுக் கணக்கு கூறுகிறது. எனக்கு அந்தக் கணக்கு இரண்டில் தொடங்குகிறது.

ஆலய உச்சியில் ஆண்டவரை நிறுத்திக் குதிக்கச் சொன்ன சோதனையை எத்தனை தவக்காலங்களில் விளக்கியிருப்பேன்! வானதூதர் தாங்கிக்கொள்வர் என்று மறைநூலைக் காட்டியே அலகை பேசியது. அந்த ஞாயிறு நான் பேசியதும் ஏறக்குறைய அதுதான். ஆண்டவர் தந்த மறுமொழி என் நாவில் வரவில்லை.

1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, புனித சார்லஸ் பொரோமியோ வெறுங்காலுடன் பவனி சென்றதைக் குருமடத்தில் படித்தோம். தெருமுனைகளில் பீடங்கள் அமைத்து, மக்கள் தத்தம் வீட்டுச் சன்னலிலிருந்தே திருப்பலி காண அவர் வழிசெய்ததும் அதே பாடத்தில்தான் இருந்தது. பவனி மட்டும் மனத்தில் தங்கியது, சன்னல் தங்கவில்லை.

இப்போது கூட்டத்தில் எட்டுப் பேர். உள்ளறையை விட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டோம். தும்மலோ இருமலோ இருந்தால் வரவேண்டாம் என்று அறிவித்திருக்கிறேன். முதலில் முகம் சுளித்தார்கள்; ஒரு தாத்தா, சாமிக்கே விசுவாசம் போய்விட்டது என்றுகூடச் சொன்னாராம். சொன்னவர் அவர் என்பதால் எனக்குக் கோபமில்லை. அன்று இருமலோடு வந்தவரும் அவரே. அது அவருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை.

சென்ற மாதம் அவருக்குச் சளி. வீட்டில் இருப்பார் என்றுதான் நினைத்தேன். வந்தார், ஆனால் படியேறவில்லை. தெருவின் எதிர்ப்புறம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, துண்டால் வாயை மூடி உட்கார்ந்துகொண்டார். அவர் காதில் விழவேண்டுமென்று எல்லாரும் குரலை உயர்த்தினார்கள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஐந்தாம் மறையுண்மை அவர் முறை, தெருவிலிருந்தே தொடங்கினார்.