முகர்ந்து பார்த்து உண்ணும் பெண்கள்

வல்லக்கோட்டை, காலை ஏழு மணி. ஏழடி உயர முருகனைத் தரிசிக்க வந்த செவ்வாய்க்கிழமைக் கூட்டம் ஒரு பக்கம். ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள் இன்னொரு பக்கம். விடிய விடிய நின்ற கால்கள் மெஸ் பெஞ்சைக் கண்டதும் மடங்குகின்றன.

கழுத்தில் ஐடி கார்டு தொங்கும் ஒருத்தி, எலுமிச்சைச் சாதத்தை ஒரு வாய் எடுத்து முகர்கிறாள். பிறகுதான் உண்கிறாள். பக்கத்தில் இருப்பவளும் அப்படியே.

இந்தப் பகுதி 2021 டிசம்பரை மறக்கவில்லை. பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 250க்கும் மேற்பட்ட பெண்கள் படுத்துவிட்டார்கள். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது. அதனால் மூடிய ஆலை அடுத்த மாதம், ஜனவரி 12இல் திறந்தது. 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு சிப்காட் வழியாகக் கட்டிக் கொடுத்தது. நல்ல கட்டடம். ஆனால் கட்டடம் சோற்றைக் காக்காது.

மூக்கும் காக்காது. வேகவைத்தாலும் சாகாத பாசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள், சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் மணி நேரங்களில் முளைத்துப் பெருகுகின்றன. அது விடும் நஞ்சு வாடையில் தெரியாது. திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இதைக் கண்டு சொல்வது ஆய்வுக்கூடம். சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று விதி எழுதியது அரசு. அந்தச் சூட்டைக் காக்கும் கேஸுக்குப் பணம் தர வேண்டியது கம்பெனி. சாப்பாட்டு கான்ட்ராக்டில் தட்டுக்கு இவ்வளவுதான் என்று இறுக்கினால் முதலில் அணைவது அந்த அடுப்பு. மூவரில் ஒருவர் நழுவினாலும் வயிறு நோவது பெஞ்சில் இருக்கும் இவளுக்கு.

மூவரும் கைகோத்த இடமும் உண்டு. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த முறையில், இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பைத் தமிழ்நாடு உப்பு நிறுவனம் தயாரித்துச் சத்துணவுக் கூடங்களுக்கு அனுப்பியது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. இந்தப் பெஞ்சில் இருப்பவர்களின் வயதும் அதுதான். பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு, தூக்கத்துக்கு முன் ஒரு டீ குடிக்கிறார்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, இருக்கிற இரும்பையும் உடம்பில் முழுதாகச் சேரவிடாது. இதை யாராவது இங்கே வந்து இவர்களிடம் சொல்ல வேண்டும்.

சமையற்கட்டுச் சுவரில் தமிழில் ஒரு சுகாதார அறிவிப்பு. கரண்டி பிடித்திருக்கும் பையன் ஒடிசாக்காரன். தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமோ வேளாண் பல்கலைக்கழகமோ பாடம் நடத்துவதானால், அவன் மொழியில் இந்த அடுப்படியில் நடத்தட்டும்.

இப்போதைக்கு அவனுக்கு வாத்தியார் சமையல் மாஸ்டர்தான். வெப்பமானியைச் சாம்பாரில் விட்டு, 54 என்ற எண்ணை விரலால் தொட்டுக் காட்டுகிறார். பையன் அண்டாவை அடுப்புக்குத் திருப்புகிறான். அடுத்த பஸ் வந்துவிட்டது. வரிசையில் முணுமுணுப்பு, மாஸ்டர் பரிமாற விடவில்லை.