தண்டனையாக அனுப்பப்பட்ட ஊர்

எங்கள் குடும்பத்தில் ஹாக்கி என்றால் ஈப்போவில் நடக்கும் அஸ்லான் ஷா கிண்ணம்தான். கனடாவிலோ ஹாக்கி என்றால் பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஆட்டம். அதற்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. சென்ற குளிர்காலத்தில் செயின்ட் ஜான்ஸ் நகரில் படிக்கும் தங்கை மகளைப் பார்க்கப் போனேன். திரும்பும்போது ஒரு ஹாக்கி வீரரின் கதை மனத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

செயின்ட் ஜான்ஸ், கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்து தீவில் இருக்கிறது. டொரண்டோவில் இறங்கி, இன்னொரு விமானம் பிடித்து, மேலும் மூன்று மணி நேரம் பறக்க வேண்டும். இங்கே கடிகாரம்கூடத் தனி வழியில்தான் போகிறது. பக்கத்து மாகாணங்களைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. குளிர்காலத்தில் நமக்கு நண்பகல் 12 என்றால் அங்கே நள்ளிரவு 12.30.

மலைச்சரிவில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மிட்டாய் நிறங்களில் மர வீடுகள். ‘ஜெல்லிபீன் வரிசை’ என்பது அவற்றின் செல்லப் பெயர். சிக்னல் ஹில் குன்றில் ஏறி நின்றால் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் அட்லாண்டிக் பெருங்கடல். 1901 டிசம்பர் 12ஆம் தேதி அந்தக் கடலைத் தாண்டி வந்த கம்பியில்லாச் சமிக்ஞையை மார்க்கோனி பெற்றது இந்தக் குன்றில்தான். காற்று அடிக்கிற அடியில் அதையெல்லாம் நின்று ரசிக்க முடியவில்லை. ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டோம்.

நாங்கள் தங்கிய விடுதியின் உரிமையாளர் எழுபதைத் தாண்டியவர். அவர் சமையலறைச் சுவரில் ‘ஐஸ்கேப்ஸ்’ என்று எழுதிய பழைய விளையாட்டுச் சட்டை ஒன்று தொங்கியது.

“அந்த அணிதான் இப்போது இல்லையே, பெரியம்மா” என்று தங்கை மகள் என் காதில் சொன்னாள்.

அவளிடம் விவரம் கேட்டு, அவர் பக்கம் திரும்பினேன். “அணி போய்விட்டது. சட்டை என்னுடையது” என்றார் அவர் சிரித்தபடி. பிறகு தேநீர் ஊற்றிக்கொண்டே ஜான் ஸ்காட்டின் கதையைச் சொன்னார்.

ஒரு வேடிக்கை வினையான கதை

வட அமெரிக்க ஹாக்கியின் உச்சம் என்ஹெச்எல். அதற்கு அடுத்த படி ஏஹெச்எல். மேலே உள்ள ஒவ்வோர் அணிக்கும் கீழே ஒரு துணை அணி உண்டு. வீரரின் ஒப்பந்தம் பெரும்பாலும் மேலே உள்ள அணியின் கையில் இருக்கும். அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம் கேட்பதில்லை. தொலைபேசி மணி அடிக்கும்; பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஜான் ஸ்காட், 203 சென்டிமீட்டர் உயரம். களத்தில் சண்டை போட்டுத் தன் அணியினரைக் காப்பதே அவர் வேலை. அத்தனை ஆண்டுகளில் அடித்தது 5 கோல்தான். 2016ஆம் ஆண்டு நட்சத்திர ஆட்டத்துக்கு ரசிகர்கள் வேடிக்கையாக அவர் பெயரில் வாக்குகளைக் குவித்தார்கள். அவர் அணித் தலைவராகவே தேர்வாகிவிட்டார். இந்த ஆட்டத்தில் ஆடினால் உங்கள் பிள்ளைகள் பெருமைப்படுவார்களா என்று நிர்வாகத் தரப்பில் ஒருவர் தம்மிடம் கேட்டதாக அவரே பின்னர் ஒரு கட்டுரையில் எழுதினார்.

ஜனவரி 15ஆம் தேதி அவருடைய அரிசோனா அணி அவரை மாண்ட்ரியலுக்கு மாற்றியது. மாண்ட்ரியல் அவரை உடனே கீழ்ப்படிக்கு, செயின்ட் ஜான்ஸ் ஐஸ்கேப்ஸ் அணிக்கு அனுப்பியது. வீட்டில் மனைவி இரட்டைக் குழந்தைகளைச் சுமந்து நிறைமாதமாக இருந்தார். நட்சத்திர ஆட்டத்திலிருந்து அவரை ஒதுக்கத்தான் இந்த மாற்றமோ என்று ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். வேடிக்கைக்கு வாக்களித்தவர்களுக்கே அது வேடிக்கையாகத் தெரியவில்லை. கடைசியில் அவர் ஆட அனுமதி கிடைத்தது. இரண்டு கோல் அடித்தார். சிறந்த வீரருக்கான வாக்குப்பட்டியலில் அவர் பெயரே இல்லை. ரசிகர்கள் தாங்களாகவே எழுதி அவரை ஜெயிக்க வைத்தார்கள். சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள்.

“உலகமே அவருக்காகக் கோபப்பட்டது. நாங்களும்தான்” என்றார் விடுதிக்காரர். “ஆனால் எல்லோரும் என்ன சொன்னார்கள்? பாவம், அந்த மனுஷனை எங்கேயோ கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்களே என்றார்கள். அந்த ‘எங்கேயோ’வில்தான் என் பிள்ளைகள் பிறந்தார்கள்.”

எனக்குச் சுருக்கென்றது. 1998இல் கணித ஆசிரியையாக எனக்கு முதல் பணியிடம் சரவாக்கின் உட்பகுதியான கப்பிட்டில் கிடைத்தது. அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. சிபுவிலிருந்து படகில் போய் இறங்கியபோது, என்னை அழைத்துப்போக வந்திருந்தவர்கள் முன்னாலேயே அழுதேன். தலைமையாசிரியர் மெதுவாக, “எத்தனை மாதம் இருப்பீர்கள்?” என்று கேட்டார். அவர் பிறந்து வளர்ந்த ஊர் அது. அந்தக் கேள்வியில் இருந்த வலி எனக்கு இத்தனை ஆண்டுகள் கழித்து, அந்தச் சமையலறையில்தான் புரிந்தது.

வந்தவர்களும் போனவர்களும்

ஸ்காட் அந்தப் பருவத்தின் மிச்சத்தைச் செயின்ட் ஜான்ஸில் ஆடினார். ஏப்ரலில் மாண்ட்ரியல் அவரை ஒரே ஓர் ஆட்டத்துக்கு மேலே கூப்பிட்டது. அந்த டிசம்பரில் ஓய்வு பெற்றார்.

இந்த ஊரில் வீரர்கள் மட்டுமா மாறிப் போனார்கள்? அணிகளே போய்விட்டன. 1991இல் வந்த மேப்பிள் லீஃப்ஸ் துணை அணி 2005இல் டொரண்டோவுக்குப் போனது. 2011இல் வந்த ஐஸ்கேப்ஸ் 2017இல் கியூபெக்கில் உள்ள லவாலுக்குப் போனது. 2018இல் வந்த குரோலர்ஸ் முதல் பருவத்திலேயே கிண்ணம் வென்றது. 2024இல் அதுவும் மூடப்பட்டது. ஊர் மக்களுக்கும் இது புதிதல்ல. 1992இல் காட் மீன்பிடிப்புக்குத் தடை வந்தபோது சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். பலர் தீவை விட்டே போனார்கள்.

வந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நடுக்கடலில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களைக் கண்டு காப்பாற்றியவர்கள் இந்தத் தீவின் மீனவர்கள். என் தங்கை மகள் படிக்கும் அதே மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விடுதியில்தான் அவர்களைத் தங்கவைத்தார்கள். பெரும்பாலானோர் பிறகு டொரண்டோ, மாண்ட்ரியல் என்று போய்விட்டார்கள். அதற்காக இந்த ஊர் அவர்களை மறக்கவில்லை. விடுதிக்காரருக்கு ஆண்டும் மாதமும் தெரிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை அவரே எங்களை ஆட்டத்துக்கு அழைத்துப்போனார். 2025இல் நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட் என்ற இளையோர் அணி வந்திருக்கிறது. 16 முதல் 20 வயதுப் பையன்கள். தொண்டை கட்டும்வரை ஒரு பையனின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

“இவனையும் மாற்றிவிட்டால்?” என்று கேட்டேன்.

“மாற்றுவார்கள். அதற்காக இன்றைக்குக் கத்தாமல் இருக்க முடியுமா?” என்றார்.

வீடு திரும்பியதும் கப்பிட்டில் என்னோடு வேலை பார்த்த தோழிக்குப் போன் செய்தேன். ஆறு ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு வந்தவள் நான். ஒருமுறைகூடத் திரும்பிப் போனதில்லை. அவள் வேறெதுவும் கேட்கவில்லை. “எப்போது வருகிறாய்?” என்றாள். அடுத்த பள்ளி விடுமுறைக்கு சிபுவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.