தெசலோனிக்கியில் ஓர் இரவோட்டம்

ஐம்பத்தாறு வயதுடைய ஓர் உபாத்தியாயர், கையிற் புத்தகமின்றிக் காலிற் சப்பாத்துடன், அந்நிய நாட்டுக் கடற்கரை ஒன்றில், இரவு எட்டு மணியளவில், ஆயிரக்கணக்கான வாலிபர் நடுவே ஓடுவதற்கு ஆயத்தமாய் நின்றார் என்று கூறினால், வாசகர்கள் நகைப்பார்கள். அந்த உபாத்தியாயர் நானே. ஆதலால் முதலிற் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்திற் சலரோகம் முதுசொம் போன்றது. காணி பூமி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இந்நோய் மாத்திரம் பங்கு தவறாமற் கிடைத்தது. என் தந்தையார் தமது அறுபதாம் வயதிற் கால்விரலில் உண்டான சிறு புண்ணொன்றை அசட்டை செய்து, ஈற்றில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். திண்ணையிற் சாய்ந்தபடி, வீதியால் நடந்து போவோரின் கால்களை அவர் பார்த்துக்கொண்டிருந்த காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை. எனக்கும் அந்நோய் உண்டென வைத்தியர் கூறிய நாளில், அத்திண்ணையே என் மனக்கண்ணில் வந்து நின்றது.

வைத்தியர் நடக்கச் சொன்னார். யாழ்ப்பாணத்து முற்றவெளியிலே வைகறையில் நடந்தேன். நடை மெல்ல மெல்ல ஓட்டமாயிற்று. ஈராண்டு சென்றபின், யேர்மனியில் வாழும் என் தங்கை மகன், "மாமா, ஒக்டோபரிலை கிரேக்க நாட்டிலை ஓர் இரவோட்டம் இருக்கு. நானும் ஓடுறன். நீங்களும் வாருங்கோவன்" என்று தொலைபேசியிற் கேட்டான். வைத்தியரிடம் அனுமதி பெற்று, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒக்டோபர் மாதத்தில், நானும் விமானம் ஏறினேன்.

மரதன் ஓட்டம் பிறந்த நாடு கிரேக்கம் என்பதை மாணவர் அறிவர். கி.மு. 490இல் மரதன் சமவெளியிற் பாரசீகப் படையை ஏதென்சு நகரத்தார் வென்றனர். அவ்வெற்றிச் செய்தியை ஒரு வீரன் ஓடிச்சென்று நகரத்தார்க்கு அறிவித்து உயிர் நீத்தான் என்பது பழங்கதை. அக்கதையை நினைவிற்கொண்டே 1896இல் ஏதென்சில் நடந்த ஒலிம்பிக் விழாவில் இவ்வோட்டம் சேர்க்கப்பட்டது. இன்று வழங்கும் 42.195 கிலோமீற்றர் என்னும் தூரம் 1908இல் இலண்டன் விழாவில் ஓடப்பட்டது. அதிற் பாதி, அதாவது 21 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டது, அரை மரதன். நம் கணக்கிற் பதின்மூன்று மைல். தெசலோனிக்கி நகரில் 2012 முதல் இதனை இரவில் ஓடுகின்றனர்.

தெசலோனிக்கி என்னும் பெயர் நம்மவர்க்கு முற்றும் புதியதன்று. பவுல் அடியார் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரு நிருபங்கள் விவிலியத்தில் உள்ளன. அவற்றைப் பெற்றோர் இந்நகரத்தவரே. கிரேக்க நாட்டின் வடபாகத்தில், தெர்மைக் குடாவின் தலைப்பில் அமைந்த இஃது, ஏதென்சுக்கு அடுத்த பெருநகரம். கி.மு. 315 அளவில் மக்கெதோனியாவை ஆண்ட கசாந்தர் இதனை நிறுவித் தன் மனைவியின் பெயரை இட்டான். அவ்வம்மையார் மகா அலெக்சாந்தருக்குத் தந்தை வழிச் சகோதரி.

ஓட்டத்துக்கு முதல்நாள் நகரைச் சுற்றி வந்தோம். பாரசீகரை வென்றதன் நினைவாக உரோமச் சக்கரவர்த்தி கலேரியு எழுப்பிய தோரணவாயில், மொட்டோர் வண்டிகள் இரையும் எக்னாத்தியா வீதியோரத்தில் இன்றும் நிற்கின்றது. அதன் கீழே பல்கலைக்கழக மாணவர் ஒருவரையொருவர் காத்து நிற்கின்றனர். அணித்தே வட்ட வடிவமான பெருங் கட்டடம் ஒன்றுண்டு. உரோமர் கட்டியது, பின்னர்க் கிறித்தவர் கோவிலாயிற்று, துருக்கியர் காலத்திற் பள்ளிவாசலாயிற்று. உள்ளே பொன்வண்ணச் சித்திரங்கள், வெளியே தூபி. மூன்று சமயத்தார் ஒரே சுவருக்குள் வணங்கிப் போயினர். கடற்கரையில் வெள்ளைக் கோபுரம் இருக்கின்றது. பதினைந்தாம் நூற்றாண்டில் துருக்கியர் கட்டிய இது முன்பு கொடுஞ்சிறை. 1890ஐ அடுத்த காலத்தில் ஒரு கைதி தன் விடுதலைக்கு விலையாக இதற்கு வெள்ளையடித்தான் என்று சொல்லுவர். இப்போது வெண்மை மங்கிவிட்டது. பெயர் மாத்திரம் மங்கவில்லை.

வந்தேறியவர்களாலும் போக்கப்பட்டவர்களாலும் ஆகிய நகரம் இது. 1492இல் இசுப்பானிய நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட யூதர்கள் இங்கே அடைக்கலம் பெற்றனர். தாம் விட்டுவந்த நாட்டின் மொழியை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வீட்டிலும் துறைமுகத்திலும் பேசினர். அவர்களுடைய ஓய்வு நாளாகிய சனிக்கிழமையில் துறைமுகமே தொழில் நிறுத்தியதாம். 1912இல் நகரம் துருக்கியரிடமிருந்து கிரேக்கர் கைக்கு வந்தது. 1917 ஓகத்தில் எழுந்த பெருந்தீ ஏறத்தாழ 9,500 வீடுகளை எரித்து, எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோரை வீடற்றவராக்கியது. எர்னஸ்ட் எப்ரார் என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் தலைமையிற் புதுநகரம் வகுக்கப்பட்டது. கடலை நோக்கி விரியும் அரிஸ்டாட்டில் சதுக்கம் அத்திட்டத்தின் பேறு. 1923இற் செய்த உடன்படிக்கையின்படி இசுலாமியர் துருக்கிக்குப் போக, அங்கிருந்த கிரேக்கர் அகதிகளாய் இங்கே வந்து குவிந்தனர். வீட்டுத் திறப்பைக் கையிற் கொண்டு ஊரை விட்டோர் கதை நம்மவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியதன்று.

ஓட்டநாள் மாலையில் வடமேற்கிலிருந்து காற்று எழுந்தது. ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கிவரும் இக்குளிர்காற்றை இவ்வூரார் வர்தாரிஸ் என்பர். கடலிற் சிறு வெண்டலைகள் தோன்றின. எள்ளுத் தூவிய வளையப் பாண் ஒன்றை மருமகன் வாங்கித் தந்தான். ஆவல் மிகுதியால் நான் அதிற் பாதியையே தின்றேன். மிச்சத்தைக் கடற்பறவைக்கு எறிந்தேன். அந்தப் பாதிப் பாணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

"மாமா, முதலிலை அவசரப்படக் கூடாது. பக்கத்திலை ஓடுறவனோடை கதைக்கக்கூடிய வேகத்திலை ஓடுங்கோ. தண்ணி குடுக்கிற இடம் ஒண்டையும் விடாதேங்கோ" என்றான் அவன். இனிப்பு வில்லைகளும் இரத்தத்திற் சீனி அளக்கும் சிறு கருவியும் இருந்த பையை என் இடுப்பிற் கட்டியவனும் அவனே.

வேட்டு ஒலித்தது. ஆயிரமாயிரம் சப்பாத்துகள் ஒருங்கே எழுப்பிய ஓசை மழை வருவது போலிருந்தது. முதல் மூன்று கிலோமீற்றரும் மருமகன் என்னுடன் வந்தான். அவன் கால்கள் கட்டி வைத்த கன்றின் கால்களாய்த் துடிப்பதைக் கண்டு, "நீ போ தம்பி, நான் வந்து சேருவன்" என்று அனுப்பினேன்.

இரவோட்டத்தின் இன்பம் தனி. வெயிலில்லை; ஓடுகின்றவன் உடலிற் பிறக்கும் வெப்பத்தைக் குளிர்ந்த காற்று விரைந்து கொண்டுபோகின்றது. தூரம் கண்ணுக்குத் தெரியாமையால் மனம் அஞ்சுவதில்லை. அடுத்த விளக்கு, அதற்கடுத்த விளக்கு என்று கால்கள் தாமே கணக்கிடும். ஒருபுறம் நிகிஸ் வீதியின் தேநீர்ச்சாலைகள்; மறுபுறம் கரிய கடல். நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் நீரில் நெளிந்தன. மேன்மாடங்களில் நின்ற முதியோர் கைதட்டினர். சிறுவர் கை நீட்ட, ஓடுவோர் அவற்றைத் தட்டிச் சென்றனர். நானும் தட்டினேன்.

துறைமுகத்தை அணுகும்போது சுதந்திரச் சதுக்கம் வந்தது. முதல்நாள் அங்கே கண்ட நினைவுச்சின்னம், தீச்சுடர்களிடையே பின்னிக் கிடக்கும் மனித உடல்களின் வெண்கல வடிவம், நினைவுக்கு வந்தது. 1942 யூலை 11ஆந் தேதி, ஒரு சனிக்கிழமை, நாசிப் படையினர் ஏறத்தாழ ஒன்பதினாயிரம் யூத ஆடவரை அச்சதுக்கத்திற் கூட்டினர். கொடும் வெயிலில் மணிக்கணக்காய் நிறுத்தி, அடித்து, தேகப்பயிற்சி செய்யும்படி கட்டளையிட்டு, அவர்கள் விழ விழ நகைத்தனர். மறு ஆண்டு மார்ச்சு முதல் ஓகத்து வரையிற் புகைவண்டிகளில் அடைக்கப்பட்டு ஒஸ்விச்சு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டோர் நாற்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர். மீண்டவர் மிகச் சிலர்.

அதே சதுக்கத்தருகே நான் என் விருப்பத்தால் ஓடிக்கொண்டிருந்தேன். களைத்தால் நிற்கலாம், நின்றால் ஒருவரும் அடியார், மாறாகத் தண்ணீர் தருவர். இது எத்துணைப் பெரிய பேறு என்பதை அந்த இடத்திலே உணர்ந்தேன். சிறிது தூரம் கைதட்டுவோரைப் பார்க்க என்னால் இயலவில்லை.

திரும்பியபோது காற்று முதுகிற் பட்டது. இப்போதுதான் என் தவறு தொடங்கியது. காற்றின் உதவியை என் வலிமையென்று எண்ணினேன். நரைத்த தலையைக் கண்டு புன்னகை செய்து என்னை முந்திய ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்தேன். வழியில் நீரும் வாழைப்பழமும் வைத்திருந்த மேசை ஒன்றை நில்லாது கடந்தேன். பதினைந்தாம் கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் மீண்டும் காற்றுக்கு எதிர்முகமாயிற்று. தொலைவில் வெள்ளைக் கோபுரம் ஒளிவிளக்குகளிற் குளித்து நின்றது. எவ்வளவு ஓடியும் அஃது அணுகவில்லை. காற்றுக் குளிரியது; ஆனால் எனக்கு வியர்த்தது. விரல்கள் நடுங்கின. எத்தனையாவது கிலோமீற்றர் என்று எண்ணினேன். எண் மனத்தில் நிற்கவில்லை.

முப்பது ஆண்டு பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவனுக்கு எண் நிற்கவில்லை! அந்த அச்சமே என்னைத் தடுத்தது. கடலோரக் கட்டிற் போய் இருந்தேன். இடுப்புப் பையின் வாயைத் திறக்கவும் கை இசையவில்லை. ஓட்டத்துக்கு உதவியாக நின்ற மாணவி ஒருத்தி விரைந்து வந்தாள். அவள் பேசிய கிரேக்கத்தில் "பப்பூ" என்ற ஒரு சொல்லே எனக்கு விளங்கிற்று. அது பாட்டனாரை அழைக்கும் சொல் என்று மருமகன் முதல்நாள் கூறியிருந்தான். பையைச் சுட்டிக் காட்டினேன். அவள் திறந்து, இனிப்பு வில்லைகளை ஒவ்வொன்றாய் என் கையில் வைத்தாள். முதலுதவியாளர் ஒருவர் வந்து சீனி அளந்து பார்த்தார். மிகக் குறைந்திருந்தது. கால் மணி நேரம் அசையாது இருக்க வேண்டும், மீண்டும் அளந்த பின்பே முடிவு என்று ஆங்கிலத்திற் கண்டிப்பாகச் சொன்னார்.

அந்தக் கால் மணி நேரமும் எனக்கு முன்னால் மனிதர் ஓடிக்கொண்டேயிருந்தனர். நான் அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தந்தையாரின் திண்ணையில் நானே இருப்பது போன்றதோர் உணர்ச்சி! ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அவர் புண்ணை மறைத்தார். நான் நடுக்கத்தை மறைக்கவில்லை. ஓடிப் பெறும் பதக்கத்தினும் உரிய வேளையில் நின்றுவிடுதல் பெரிதென்று அக்கட்டில் இருந்தபோது தெளிந்தேன்.

இரண்டாம் முறை அளந்தபோது சீனி சரியான அளவுக்கு ஏறியிருந்தது. "நடக்கலாம், ஓடக் கூடாது" என்றார் முதலுதவியாளர். மாணவி ஒரு வாழைப்பழத்தைத் தந்து, "சிகா, சிகா" என்றாள். மெல்ல, மெல்ல என்பது பொருள்.

மெல்ல மெல்லவே நடந்தேன். கடற்கரையிற் காற்றிற் பறப்பன போல வானோக்கி எழும் உலோகக் குடைகள் சில உள. சொங்கொலோப்புலோஸ் என்னும் சிற்பியின் ஆக்கம். அக்குடைகளின் கீழே ஒருவன் கழுத்திற் பதக்கத்துடன், ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தபடி நின்றான். என்னைக் கண்டதும் ஓடிவந்தான். ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்து, குளிர்ந்திருப்பதை அறிந்து, தன் மேற்சட்டையைக் கழற்றி எனக்குப் போர்த்தினான்.

"நான் விட்டிட்டுப் போயிருக்கக் கூடாது, மாமா."

"நான் பாதிப் பாணை எறிஞ்சிருக்கக் கூடாது, தம்பி."

எல்லைக் கோட்டைக் கடந்தபோது எனக்குப் பின்னால் வந்தவர் மிகச் சிலர். பதக்கம் தந்த அம்மையார் முதலாவதாய் வந்தவனுக்குத் தருவது போலவே முகமலர்ந்து தந்தார். தொலைபேசி ஒலித்தது. ஊரில் அப்போது நள்ளிரவு கடந்திருக்கும்; தங்கை உறங்கவில்லை. "அண்ணை, முடிச்சிட்டீங்களோ? கால் எப்பிடி?" என்றாள். எங்கள் குடும்பத்தில் வேறெதையும் முதலிற் கேட்பதில்லை. "இரண்டு காலும் இருக்குது, பிள்ளை" என்றேன். அவள் சிரித்தாளோ அழுதாளோ, எனக்குத் தெளிவாய்க் கேட்கவில்லை.

இதனைப் படிக்கும் அன்பர்களில் இந்நோயுடையோர் பலர் இருத்தல் கூடும். அவர்கட்கு ஒன்று கூறுவேன். ஓடுக, இயலாதோர் நடக்க. ஆயின் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குக, வேளைக்கு உண்க, சீனி வில்லையைச் சட்டைப்பையில் வைத்திருக்க, நடுங்கினால் நாணாது நின்று பக்கத்தில் உள்ளாரை அழைக்க.

மறுநாட் காலை மீண்டும் கடற்கரைக்குச் சென்றோம். இரவு முழுதும் வீசிய காற்று ஓய்ந்திருந்தது. வந்த நாள் முதல் மூடுபனியன்றி வேறெதுவும் காணாத தென்மேற்குத் திசையில், குடாவுக்கு அப்பால், 2,918 மீற்றர் உயர்ந்த ஒலிம்பசு மலை முடி முதல் அடி வரை தெளிவாய்த் தெரிந்தது. கிரேக்கர் தம் தேவர்களின் இருப்பிடமென்று கொண்ட மலை அது. என்னை எதிர்த்து நின்ற காற்றே மூடுபனியைத் துடைத்துவிட்டது என்றான் மருமகன். நாங்கள் ஆளுக்கொரு வளையப் பாணை வாங்கி, அம்மலையைப் பார்த்தபடி இருந்து தின்றோம். இம்முறை நான் என்னுடையதை முழுதும் தின்றேன்.