ஜாதிக்காய்க் கம்பம் இருந்த இடம்

பினாங்குக்காரர்களுக்குக் கெலுகோர் என்றால் பாலத்துக்குப் போகும் வழி. இல்லாவிட்டால் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கும் பக்கம். போன பள்ளி விடுமுறையில் அப்பாவையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஜார்ஜ்டவுனிலிருந்து அங்கே கிளம்பினேன். சின்ன வயதில் சைக்கிளில் போய்ப் பால் வாங்கி வந்த கம்பத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. கம்பம் இப்போது இல்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்த இடத்தையாவது பார்க்கலாமே என்றார்.

தெற்கே ஆறேழு கிலோமீட்டர்தான். வழியெல்லாம் மரம், செடிகளின் பெயர்கள். பினாங்கு என்றாலே பாக்கு. ஜெலுத்தோங் ஒரு மரம். கெலுகோரும் மரம்தான், அதன் காயைச் சீவிக் காயவைத்துத்தான் அசாம் லக்சாவுக்குப் புளிப்பு ஏற்றுகிறார்கள். அடுத்த குன்று புக்கிட் கம்பிர். கம்பிர் என்பது வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் துவர்ப்புப் பொருள். அதன் அடிவாரத்தில்தான் கம்போங் புவா பாலா இருந்தது. புவா பாலா என்றால் ஜாதிக்காய். பாக்கு, கம்பிர், ஜாதிக்காய் என்று வரைபடமே தாம்பூலத் தட்டு மாதிரி இருக்கிறது.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு வியாபாரம் உண்டு. 1786-ல் பிரான்சிஸ் லைட் தீவைக் கைப்பற்றிய பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட ஊக்கம் கொடுத்தது. கெலுகோர் தோட்டம் டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரருடையது. 1860-களில் நோய் விழுந்து தீவின் ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. மரங்கள் போனாலும் தோட்டத்தில் உழைத்த தமிழர்களின் வழிவந்தவர்கள் அடிவாரத்திலேயே தங்கிவிட்டார்கள். மாடும் ஆடும் வளர்த்தார்கள், தென்னை நட்டார்கள். அந்த மேய்ச்சல் காட்சியைப் பார்த்து, அப்போது தொலைக்காட்சியில் வந்த அமெரிக்கத் தொடரின் பெயரால் அந்த இடத்தை 'ஹை சாப்பரல்' என்று அழைத்தார்கள்.

சுமார் 2.6 ஹெக்டேர் நிலம். இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள். வீடு அவர்களுடையது, நிலம் மட்டும் காகிதத்தில் அவர்களுடையதாக இல்லை. கையில் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். பிரவுன் குடும்பம் தங்களுக்கென்று விட்டுச்சென்ற நிலம் என்பது மக்களின் வாதம். நிலமோ வீடமைப்புத் திட்டத்துக்காக அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிடம் கைமாறியிருந்தது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2009-ல் தோற்றது. அதே ஆண்டு வீடுகள் இடிக்கப்பட்டன. ஈட்டுக்குச் சம்மதித்த குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே இரட்டை மாடி வீடுகள் கிடைத்தன.

இப்போது அங்கே உயரமான அடுக்குமாடி நிற்கிறது. காவலர் சாவடிக்கு வெளியே காரை நிறுத்தினேன். அப்பா இறங்கி நின்றார்.

"தாத்தா, ஜாதிக்காய் மரம் எங்க?" என்றாள் மகள்.

"அது என் காலத்துலயே இல்லம்மா. அதோ, கார் நிக்குதே, அங்க மாட்டுக் கொட்டகை. இந்தப் பக்கம் பூரா தென்னை." கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அவள் கைப்பேசியில் கோடு போட்டுக் கோயில், கொட்டகை, பாதை என்று குறித்துக்கொண்டாள். பத்து நிமிடத்தில் ஒரு சின்ன வரைபடம் உருவாகிவிட்டது.

திரும்பும்போது பாடாங் பிரவுனில் நிறுத்தி ஜாதிக்காய் ஜூஸ் குடித்தோம். பிரவுனின் நினைவுச் சின்னம் அங்கேதான் இருக்கிறது. தோட்டக்காரருக்குக் கல்லில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே பால் கறந்தவர்கள் எங்கள் அப்பா மாதிரி வயதானவர்களின் நினைவில்தான் இருக்கிறார்கள்.

பயணம் போக விரும்புகிறவர்களுக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பக்கம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போனால் நிறையவே தெரியும். அவர் சொல்வதை அன்றைக்கே எழுதிவைத்துவிடுங்கள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பா கேட்டார்: "உன் அத்தை வீட்டு நிலத்துக்கு கிராண்ட் இருக்கா, இல்ல அதுவும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற உரிமம்தானா?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக அத்தைக்குப் போன் போட்டேன்.