ஒரு கால் சாக்ஸோடு

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் காலை ஏழு மணிக்கு எந்த அடுக்ககத்தின் மாடிப்படியில் நின்றாலும் ஒரே அதட்டல்தான் கேட்கும். தமிழில் 'சீக்கிரம்', கன்னடத்தில் 'பேக பா', தெலுங்கில் 'தொந்தரகா', இந்தியில் 'ஜல்தி'. நீலாத்ரி சாலையில் வேன் வந்து நிற்பதற்குள் பிள்ளையைக் கிளப்பிவிட வேண்டும்.

என் மகனுக்கு ஆறு வயது. ஒரு காலில் சாக்ஸ் மாட்டியிருப்பான். இன்னொன்று கையில் இருக்கும். அதன் விளிம்பில் நூல் பிரிந்திருக்கும். இழுத்தால் எவ்வளவு வரும் என்று பார்ப்பான். வந்த நூலை விரலில் சுற்றுவான். விரல்நுனி சிவக்கும், அதையும் பார்ப்பான். தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்கும். அந்த முகத்தில் பிடிவாதமும் இருக்காது, குறும்பும் இருக்காது. வேன் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அப்போது அவன் நினைவில் இல்லை.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் முடியும்வரை ஊர் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கி, நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். சின்னக் குழந்தை ஓரிடத்துக்குப் போய்ச் சேருவதற்காக நடப்பதில்லை, நடப்பதற்காகவே நடக்கிறது என்பது அவர் கண்டு சொன்னது. பெரியவர்களுக்கு வேலை முடிந்தால் போதும்; குழந்தைக்குச் செய்வதுதான் வேலை. சாக்ஸைப் பிடுங்கி நாமே மாட்டிவிட்டால் அன்றைக்கு வேன் கிடைக்கும். மறுநாளும் நாம்தான் மாட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் என் மகனின் மந்தத்தில் பாதிக்குத் தூக்கம்தான் காரணம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. 6 முதல் 12 வயதுவரை நாளுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2016 பரிந்துரை. ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை ஒன்பதுக்குள் தூங்கியாக வேண்டும். எங்கள் பகுதியில் அது எத்தனை வீட்டில் நடக்கிறது? கலிபோர்னியாவில் காலை 8 மணி, நமக்கு இரவு 8:30. அப்போதுதான் மீட்டிங் தொடங்குகிறது. ஒருவர் லேப்டாப்போடு கதவைச் சாத்திக்கொள்வார். இன்னொருவர் ஓசூர் ரோட்டு நெரிசலிலிருந்து அப்போதுதான் வீடு சேர்ந்திருப்பார். அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பிள்ளை விழித்திருக்கும். பத்தரைக்குக் கண் மூடிய பிள்ளையை ஆறுக்கு உலுக்கி எழுப்பி, ஏன் இப்படி மெதுவாக அசைகிறாய் என்று கேட்பது நியாயமே இல்லை.

1978-இல் கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ் 332 ஏக்கரில் தொடங்கிய தொழிற்பேட்டை எங்கள் எலெக்ட்ரானிக் சிட்டி. பெரியவர்கள் வேகமாகப் போய்வர 2010-இல் மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோவும் ஓடத் தொடங்கியது. நடுவே 2023-இல் நெரிசலைக் குறைக்கப் பள்ளி நேரத்தையே முன்னே கொண்டுவரலாமா என்ற பேச்சும் எழுந்தது, பள்ளிகள் மறுத்தன. மறுத்தது நல்லது. ரோட்டின் நெரிசலைப் பிள்ளையின் தூக்கத்தைக் கொண்டு தீர்க்கக் கூடாது.

எங்கள் வீட்டில் பலித்தவை சின்ன விஷயங்கள். யூனிஃபார்ம், சாக்ஸ், பெல்ட் எல்லாம் ராத்திரியே நாற்காலிக்கு வந்துவிடும். நூல் பிரிந்த சாக்ஸ் வராது. சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதை விட்டேன். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, அடுத்த ஒரே வேலையை மட்டும் சொல்கிறேன்: "சாமி, இப்ப இந்தக் கால்." 'சீக்கிரம்' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குப் புரியாது, இந்தக் கால் என்றால் புரியும். மாட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். குதிகால் பக்கம் மேலே திரும்பிக்கொள்ளும். கழற்றித் திரும்ப மாட்டுவான். அதற்கும் நேரம் விட்டுத்தான் எழுப்புகிறேன். ஓசூரிலிருந்து மாமியார் வந்திருக்கும் நாட்களில் இதெல்லாம் தேவையே இல்லை. எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

நவம்பர் முதல் ஞாயிறு அன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். எட்டரை மீட்டிங் ஒன்பதரைக்குப் போகும். எந்த ராத்திரி மீட்டிங் யாருக்கு, பிள்ளையைத் தூங்கவைப்பது யார் என்று நானும் கணவரும் அதற்குள் பேசி முடிவெடுக்க வேண்டும்.