செவலைக்கு என்ன ஆச்சு

செப்டம்பர் 11, 2024, புதன்

இனிமேல் எழுதி வைக்க வேண்டும். டாக்டர் போனில் கேட்டது நான்கு விஷயம்: எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பேர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறாளா.

ராத்திரி இரண்டு மணி தாண்டி. குளியலறையில் வாளிக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து நின்றிருந்தாள். பின்னங்காலில் ஆரம்பித்த நடுக்கம் முதுகு முழுக்க ஓடியது. வாய் திறந்து இரைப்பு. காது இரண்டும் பின்னால் ஒட்டிக் கிடந்தன. "செவலை" என்றதும் பார்த்தாள். வால் நுனி ஒருமுறை அசைந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு அப்பா கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பேர் சொன்னதும் பார்த்தது நல்லது என்கிறார் டாக்டர். வலிப்பென்றால் பெரும்பாலும் நினைவு தப்பும், கால்கள் வெட்டி இழுக்கும், எச்சில் ஒழுகும், சிறுநீர் போய்விடும். ஆனால் நினைவு தப்பாத வலிப்பும் உண்டாம். அடுத்த முறை வீடியோ எடுக்கச் சொன்னார். அந்த நேரத்தில் அவளைப் பிடிக்காமல் போனைப் பிடிக்க எனக்கு எப்படிக் கை வரும்?

செப்டம்பர் 12

ஒன்றும் இல்லை. தயிர்ச்சோறு முழுக்கச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 14, சனி

கிளினிக். உடம்புச் சூடு 101.8. நமக்கென்றால் படுக்க வைத்திருப்போம். நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணம். ஈறு நல்ல ரோஸ் நிறம். காது சுத்தம். நாய் நடுங்கக் காரணங்கள் ஏகப்பட்டது என்று டாக்டர் விரல் மடக்கினார்: வலி, வயிற்றுக் கோளாறு, சர்க்கரை குறைவது, உண்ணிக் காய்ச்சல், எதையாவது தின்றுவிட்ட விஷம், சிறுநீரகம், நரம்பு, பயம். பயத்தைக் கடைசியில் சொன்னார். மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அதற்கு வர வேண்டுமாம். ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தும்போது அவள் அசையவே இல்லை.

செப்டம்பர் 17

எல்லாம் சரியாக இருக்கிறது. பிளேட்லெட் குறையவில்லை, உண்ணிக் காய்ச்சல் இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய நாள். ஆனால் சாயங்காலம் முழுக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்ணிக் காய்ச்சல் என்றால் 28 நாள் மாத்திரை என்று ஒரு வழி தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 21

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா கண்ணேறு என்று உப்பு சுற்றிப் போட்டார். அன்போடு செய்ததுதான், சரி. ஆனால் உறவுக்காரர் ஒருவர், "நாம போடுற வலி மாத்திரைல பாதி குடுங்க, தூங்கிடும்" என்றதைக் கேட்டுப் பதறிவிட்டேன். ஐபுப்ரோஃபென் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். பெரிய எழுத்தில் எழுதி மருந்து டப்பா மேல் ஒட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்!

மத்தியானம் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பழைய பேட்டரியோடு முனகிவிட்டு 'பீப்' என்றது. கட்டிலடியில் தூங்கிக்கொண்டிருந்தவள் துள்ளி எழுந்து நேராகக் குளியலறைக்கு ஓடினாள். அதே நடுக்கம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தேன்.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2021இல் இதைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். இடியும் வெடியும் மட்டுமல்ல, வீட்டுக்குள் கேட்கிற சாதாரணச் சத்தங்களும் நாயைக் கலக்குகின்றன. ஒரே சீராக இரைகிற வேக்குவம் கிளீனரைவிட, விட்டுவிட்டுக் கீச்சென்று கத்துகிற புகை அலாரம்தான் அதிகம் கலக்கும். பேட்டரி தீரும்போது அது கத்துமே, அந்தச் சத்தம். நம் வீட்டில் புகை அலாரம் ஏது? இன்வெர்ட்டர் இருக்கிறது.

நாளைக்கே புது பேட்டரி. எத்தனை நாளுக்குப் பிறகு மனசு லேசாக இருக்கிறது!

அக்டோபர் 3

கரண்ட் இருந்தது. பீப் இல்லை. விடியற்காலையில் நடுங்கினாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

நேற்று ராத்திரியிலிருந்து விடாத மழை. தெருவில் தண்ணீர் நிற்கத் தொடங்கியதும் எனக்குத்தான் முதலில் வயிற்றைப் பிசைந்தது. போன டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்தது. அப்பாவும் அவளும் ஒரே கட்டிலில் இருந்தார்கள். அந்தத் தண்ணீர் அவளுக்குள் இன்னும் இருக்கிறதா?

பாவ்லோவின் நாய்கள் நினைவுக்கு வந்தன. மணியோசைக்கு எச்சில் ஊறிய கதை பள்ளிக்கூடத்திலேயே படித்தது. வெள்ளத்தின் கதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் நேவா ஆறு கரைபுரண்டு ஆய்வுக்கூடத்துக்குள் வந்தது. கூண்டுக்குள் நாய்கள் மூக்கை மட்டும் நீட்டி நீந்திக்கொண்டிருந்தபோது ஆட்கள் வந்து மீட்டார்கள். ஆனால் சில நாய்கள் பழையபடி ஆகவில்லை, கற்றது மறந்துபோனது. தேறிவந்த ஒரு நாய், பின்னால் ஒருநாள் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டதும் மறுபடி நிலைகுலைந்தது. அதைச் சோதனைக்காக வேண்டுமென்றே செய்தார்கள் என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்தேன்.

இத்தனையும் நான் யோசித்துக்கொண்டிருக்க, செவலை மழைச் சத்தத்தில் குறட்டைவிட்டுத் தூங்குகிறாள்.

அக்டோபர் 22

அப்பாவோடு சின்னச் சண்டை. குக்கர் வைத்தாலே, "பாப்பா, ரெண்டு விசில்ல இறக்கிடு" என்கிறார். பருப்பு வேக வேண்டாமா? கொஞ்ச நாளாக டிவி சத்தம் ஆகவில்லை, காலிங் பெல் ஆகவில்லை. போன மாதம் கல்யாணத்துக்கும் வரவில்லை. "மேளம்லாம் முன்ன உனக்குப் பிடிக்குமேப்பா" என்றேன்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "சத்தம் ஒண்ணும் பண்ணலம்மா. திடீர்னு கேட்டா உடம்பு தூக்கிப்போடுது பாரு, அப்ப இடுப்புல வெட்டுது. அது வந்துடுமோன்னுதான் பயம். அப்புறம் சத்தம் கேக்குறதுக்கு முன்னாடியே பயமாயிடுது."

விசிலுக்குப் பதில் பருப்பைப் பாத்திரத்தில் வேக வைத்தேன். ஒரு மணி நேரம் ஆனது.

அக்டோபர் 31, தீபாவளி

காலை ஆறிலிருந்து ஏழு, ராத்திரி ஏழிலிருந்து எட்டு என்பது வெடி வெடிக்க அரசு கொடுத்த நேரம். எங்கள் தெரு அதை மதிக்கவில்லை.

நடு அறையில் ஜன்னலைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை வேகமாக வைத்து அவளோடு உட்கார்ந்தேன். தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று என் தம்பி சொல்வான். டாக்டரைக் கேட்டிருந்தேன். பயம் என்ன, பிஸ்கட்டுக்காகக் கற்றுக்கொள்ளும் வித்தையா? அவள் கேட்டு வந்தால் கொடுங்கள், விலகிப் போனால் விடுங்கள் என்றார். வந்தாள். மடியில் தலையைப் புதைத்துக்கொண்டு பத்து மணி வரை நடுங்கினாள்.

எட்டு வயதாகிறது. போன வருஷம் வரை சரவெடிக்கும் அசையாதவள். வாசலில் படுத்துத் தெருவை வேடிக்கை பார்ப்பாள்.

நவம்பர் 1

அவளும் தூங்கினாள், நானும் தூங்கினேன்.

நவம்பர் 9

மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். முதல் படியில் ஒரு கால் வைத்து நின்றுவிட்டாள். கூப்பிட்டேன். திரும்பிப் போய்விட்டாள். அப்பா கீழேயிருந்து, "அது மேல வர்றதில்லம்மா இப்பல்லாம். உக்கார்றதே ஒரு பக்கமா சாஞ்சுதான் உக்காருது" என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்

வேப்பேரி. 1903இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரி. மருத்துவமனை வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டுக்குட்டி, பின்னால் கூண்டில் ஒரு கிளி. மடியில் எதையாவது வைத்துக்கொண்டு கவலையோடு உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் நடுவே எனக்குத் தைரியம் வந்தது.

டாக்டர் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்தி வந்தார். இடுப்புக்குச் சற்று முன்னால் வந்ததும் அதே நடுக்கம், பட்டப்பகலில், எந்தச் சத்தமும் இல்லாமல். எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே எலும்பு வளர்ந்து பாலம்போல் நிற்கிறது. வயதான நாய்கள் பலவற்றுக்கு இது இருக்கும், வலியே இல்லாமலும் இருக்கும், படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது என்றார். நாய்களுக்கான வலி மருந்து இரண்டு வாரம் கொடுத்துப் பார்ப்போம். நடுக்கமும் குறைந்தால் ஏதோ தெரிய வரும்.

இன்னொன்றும் சொன்னார். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தாரும் பிரேசில்காரர்களும் சேர்ந்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்கள். அதில் பத்துக்கு எலும்பிலோ தசையிலோ வலி. வலி இருந்தவற்றுக்குச் சத்தப் பயம் சராசரியாக நான்கு வருஷம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. சிறிய ஆய்வுதான். வீடு வரும்வரை ஆட்டோவில் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டே வந்தேன், அழுத்தாமல்.

நவம்பர் 16

இரண்டு நாளாகச் சாப்பாடு சரியில்லை. மருந்தாலா? வயிறு நிறைந்த பிறகே கொடுக்கச் சொல்கிறார்கள். நிறைந்தால்தானே?

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். காற்று கதவுகளை அடித்தபடி இருக்கிறது. சாயங்காலம் மூன்று படி ஏறி, என்னைப் பார்த்து, இறங்கினாள். இந்த வாரம் நடுக்கம் இல்லை. மருந்தா, தற்செயலா? கேட்க வாய் வரவில்லை.

டிசம்பர் 7

அதிகாலை. பத்து நிமிஷம் இருக்கும். குளியலறைக்குப் போகவில்லை, என்னிடம் வந்தாள். இந்தத் தடவை வீடியோ எடுத்தேன்.

டிசம்பர் 8

டாக்டர் பார்த்துவிட்டார். வலி மருந்து கேட்கிறது போலத்தான் தெரிகிறது, ஆனால் அதிகாலையில் மட்டும் ஏன் என்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்கிறார். மருந்தைத் தொடர்வதற்கு முன் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். புதன் காலை வேப்பேரி. வழுக்காமல் இருக்க ஹாலில் விரிக்க ரப்பர் பாய் வாங்க வேண்டும். வியாழன் சாயங்காலம் எலும்பு டாக்டரிடம் அப்பாவுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.